சிம்பொனி வாத்தியக் குழுக்களின் விற்பனைப் பணியாளரும் அவர்தம் தொழிற்பயிற்சியும்

மேனாட்டுச் சிம்பொனி இசையைப் பற்றி எழுதுவோர் இசையாக்குநரின் மேதையையும், நடத்துனரின் ஆற்றலையும், வாத்தியக்காரரின் இடையறாத பயிற்சியையும் விரித்துரைப்பர். மண்டபத்தின் வாயிலில் நுழைவுச்சீட்டு விற்பவரைப் பற்றி ஒரு வரியேனும் எழுதுவோர் அரியர். ஆயினும் நூறு வாத்தியக்காரர் மேடையில் அமர்ந்திருக்க, எதிரே ஆசனங்கள் வெறுமையாய்க் கிடக்குமாயின் அக்குழு நெடுங்காலம் நிலைத்தல் இயலாது. அவ்வாசனங்களை நிரப்பும் பொறுப்பை ஏற்றவர் தம் தொழிலை எவ்வாறு கற்றுக்கொள்கின்றனர், அவர் கற்கவேண்டியவற்றுள் தலையாயது யாது என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். இத்துறைப் பயிற்சி முறைப்பட வளர்ந்த நாடுகளுள் அமெரிக்கா முதன்மையானது. ஆதலின் அந்நாட்டின் வரலாற்றையே ஈண்டுப் பெரிதும் எடுத்துக்கொள்வாம்.

சிம்பொனி வாத்தியக் குழு என்பது நரம்புக் கருவி, மரத் துளைக்கருவி, பித்தளைத் துளைக்கருவி, தட்டுக் கருவி ஆகிய நால்வகைக் கருவிகளையும் ஏறத்தாழ 80 முதல் 100 வரையான கலைஞர் ஒருங்கே இசைக்கும் பெருங்குழுவாகும். நம் நாட்டிலும் கொழும்பு நகரில் இத்தகைய குழுவொன்று 1958 ஆம் ஆண்டு தொடக்கம் இயங்கி வருதலை வாசகர் அறிவர். ஆனால் அமெரிக்கப் பெருநகரங்களிலுள்ள குழுக்களிலோ கலைஞர் மாதச் சம்பளம் பெறும் முழுநேரப் பணியாளராவர். அவர்க்குப் பின்னே ஓர் அலுவலகமே இயங்குகின்றது. அவ்வலுவலகத்தில் சந்தைப்படுத்தல் என்றும் விற்பனை என்றும் இரு பணிகள் உள. எவரை, எந்நிகழ்ச்சிக்கு, என்ன விலையில், எச்சொல்லால் அழைப்பது எனத் திட்டமிடுதல் முன்னையது. தொலைபேசியிலும் சீட்டு விற்குமிடத்திலும் அவ்வழைப்புக்குச் செவிசாய்த்து வந்தவரை ஆசனத்தில் அமர்த்துதல் பின்னையது. சிறிய குழுக்களில் இவ்விரண்டையும் ஒருவரே செய்தலும் உண்டு.

இப்பணி இத்துணை இன்றியமையாததாயதன் காரணத்தைப் பொருளியல் வழி நோக்கின் தெளிவாக அறியலாம். பீற்றோவனின் ஐந்தாவது சிம்பொனி 1808 ஆம் ஆண்டில் வியன்னாவில் முதன்முதல் இசைக்கப்பட்டது. அதனை இன்று இசைப்பதற்கும் ஏறத்தாழ அதே தொகையினரான கலைஞரும் அதே அரைமணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட காலமும் வேண்டும். இவ்விரு நூற்றாண்டுகளில் நெசவுத் தொழிலாளி ஒருவன் ஒரு மணி நேரத்தில் நெய்யும் துணியின் அளவு பன்மடங்கு பெருகிற்று. வயலின் வாசிப்பவரோ வேகத்தை இரட்டித்துத் தம் உழைப்பைச் சிக்கனப்படுத்த முடியாது. எனினும் ஏனைய தொழில்களில் ஊதியம் உயர உயர இவருடைய ஊதியமும் உயர்தல் வேண்டும். இன்றேல் இத்தொழிலுக்கு வருவார் இலராவர். இதனால் செலவு ஆண்டுதோறும் ஏறும். உற்பத்தித்திறனோ நின்ற நிலையிலேயே நிற்கும். இவ்வுண்மையை வில்லியம் போமல், வில்லியம் போவன் என்னும் பொருளியலறிஞர் இருவர் 1966 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில் நிறுவினர். அன்று தொடக்கம் இது பொருளியலார் உலகில் போமலின் பெயராலேயே வழங்கி வருகின்றது.

செலவைக் குறைக்கும் வாயில் அடைபட்டமையால் வரவைப் பெருக்கும் வாயில்களே எஞ்சின. அவை இரண்டு: ஒன்று சீட்டு விற்பனை, மற்றையது நன்கொடை. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் அரசாங்கம் பெருந்தொகை உதவுகின்றது. அமெரிக்காவில் அவ்வுதவி மிகச் சிறிது. ஆண்டுதோறும் நன்கொடை அளிப்போர் பெரும்பாலும் பல்லாண்டு காலமாக மண்டபத்துக்கு வந்து பழகியவரே. ஆகவே நன்கொடையின் வேரும் ஆசனத்திலேயே ஊன்றியிருத்தலைக் காணலாம்.

தொடக்க காலத்தில் இச்சுமையைத் தனிப் புரவலர் தாங்கினர். 1881 ஆம் ஆண்டில் பொஸ்ரன் சிம்பொனியை நிறுவிய ஹென்றி லீ ஹிக்கின்சன் என்பார் ஒரு வங்கியாளர். இளமையில் வியன்னா சென்று இசை பயின்றவர். குழுவின் வருடாந்த நட்டத்தை 1918 ஆம் ஆண்டு வரை தம் பொருளால் ஈடுசெய்து வந்தார். வறியவரும் நல்லிசை கேட்டல் வேண்டும் என்னும் கருத்தினராய், 25 சதத்துக்குச் சீட்டு வழங்கவும் ஏற்பாடு செய்தார். ஆசனத்தின் விலையைக் கொள்முதற் செலவு மட்டுமன்றி ஒரு குறிக்கோளும் தீர்மானிக்கலாம் என்பதற்கு இஃது ஆதி எடுத்துக்காட்டு. ஆனால் இத்தகைய புரவலர் எல்லா நகருக்கும் எல்லாக் காலத்துக்கும் வாய்ப்பரோ? அவர் மறைந்தபின் அவரிடத்தைப் பல்லாயிரம் சாதாரண மக்கள் சிறுகச் சிறுக நிரப்ப வேண்டியதாயிற்று. அம்மக்களைத் திரட்டுதல் தனியொரு தொழிலாகத் தலையெடுத்தது.

அமெரிக்க சிம்பொனி வாத்தியக் குழுக்களின் சங்கம் 1942 ஆம் ஆண்டில் தோன்றியது. 2007 ஆம் ஆண்டில் தன் பெயரைச் சிறிது மாற்றிக்கொண்டு இன்றும் இயங்குகின்றது. 1950 ஆம் ஆண்டையடுத்து அதன் செயலாட்சியை ஏற்ற ஹெலன் தொம்சன் என்னும் அம்மையார் வாத்தியக் குழு முகாமைக்கெனப் பயிற்சி வகுப்புகளை ஏற்படுத்தினார். இசைப்பள்ளிகள் இசைக்கப் பழக்கின; வணிகக் கல்லூரிகள் பண்டம் விற்கப் பழக்கின. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட இத்தொழிலைக் கற்பிக்கும் இடமொன்று அதுகாறும் இருக்கவில்லை. தொழிலில் உள்ளோர் ஒருவர் பட்டறிவை மற்றவர் கேட்டுக் கற்கும் வழக்கம் இவ்வகுப்புகளிற் காலூன்றியது.

1966 ஆம் ஆண்டில் போர்ட் நிறுவனம் 61 வாத்தியக் குழுக்களுக்கு 80 மில்லியன் டொலருக்கு மேற்பட்ட தொகையை வழங்க முன்வந்தது. கலைஞரின் ஊதியம் உயர்ந்தது; கச்சேரிப் பருவம் நீண்டது. பருவம் நீளவே நிரப்பவேண்டிய ஆசனங்களின் தொகையும் பெருகிற்று. 2,600 ஆசனங்கள் கொண்ட மண்டபத்தில் ஒரு கச்சேரி கூடுதலாக நிகழ்த்துவதாயின் 2,600 சீட்டுகள் கூடுதலாக விற்றல் வேண்டும் அன்றோ? மேலும் சீட்டு என்பது கடையிலுள்ள பண்டம் போன்றதன்று. விற்காத சவர்க்காரத்தை நாளைக்கும் விற்கலாம். நடத்துனர் கோலை உயர்த்திய கணத்தில் விற்காத ஆசனத்தின் பெறுமதி முற்றாக அழிந்துபோம்.

இந்நிலையில் பெரும்புகழ் எய்திய ஆசான் டானி நியூமன் என்பவர். சிக்காகோ நகரின் லிரிக் ஓப்பராவில் விளம்பரப் பணியாற்றிய இவர், பின்னர்ப் போர்ட் நிறுவனத்தின் ஆதரவுடன் நூற்றுக்கணக்கான நாடக, இசைத் தாபனங்களுக்கு ஆலோசகராய்ச் சென்றார். 1977 ஆம் ஆண்டில் தம் முறையை நூலாகவும் வெளியிட்டார். பருவம் தொடங்கும் முன்னரே கச்சேரிகளைத் தொகுதியாக்கிச் சந்தா முறையில் விற்றல் வேண்டும் என்பது அவர் கொள்கை. ஒற்றைச் சீட்டு வாங்குபவர் மழை பெய்தால் வாரார். பத்திரிகை விமரிசனம் குறைகூறினால் வாரார். சந்தாதாரரோ முன்பே பணம் செலுத்தியவராதலின் புகழ்பெற்ற பாடகரையும் கேட்பர், பழக்கமில்லாத புதிய இசையாக்கத்தையும் கேட்பர். இதனால் தாபனம் துணிந்து புதியன செய்ய முடியும். கவர்ச்சியான விளக்கப் பிரசுரங்களை இலட்சக்கணக்கில் அஞ்சலிடுதல், தொலைபேசியில் அழைத்தல், தொண்டர் இல்லங்களிற் கூட்டங்கூட்டி விற்றல் ஆகிய வழிகளை அவர் கற்பித்தார். ஒரு தலைமுறை முழுவதும் அவர் பாடத்தையே பயின்றது எனலாம்.

ஆயினும் காலம் மாறியது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் சந்தாதாரர் தொகை தேயலாயிற்று. கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்லும் இல்லங்களில், அடுத்த வைகாசி மாதத்து வெள்ளிக்கிழமையை இந்தப் புரட்டாதியிலேயே ஒதுக்கி வைப்போர் அருகினர். கச்சேரிக்குச் சில நாட்களின் முன் ஒற்றைச் சீட்டு வாங்கும் வழக்கம் ஓங்கியது. ஒவ்வோர் ஆண்டும் புதியவரை நாடி மேலும் மேலும் பணம் செலவிட்டன குழுக்கள். புதியவரும் வந்தனர்; எனினும் மண்டபம் நிறையவில்லை.

இதன் மருமம் 2008 ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. ஒலிவர் வைமன் என்னும் ஆலோசனை நிறுவனம் அமெரிக்காவின் ஒன்பது பெரிய குழுக்களின் விற்பனைப் பதிவேடுகளை ஒருங்கே ஆராய்ந்தது. முதன்முறையாக வந்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 90 பேர் மீண்டும் வரவில்லை என்பது அவ்வாய்வின் தலையாய முடிபு. நீர் இறைப்பதில் குறையில்லை. வாளியின் அடியிலே ஓட்டை இருந்தது. அவ்வாய்வு கண்ட இன்னொரு முடிபு மேலும் வியப்புக்குரியது. மீண்டும் வருவதைத் தூண்டும் ஏதுக்களுள் வாகனம் நிறுத்தும் வசதி மிகவும் வலியதாய் இருந்தது! இசையின் உயர்வு பற்றி ஐயமுற்று எவரும் விலகிச் செல்லவில்லை; இசையைச் சூழ்ந்த சிறு தொல்லைகளே அவர்களைத் தடுத்தன.

விற்பனைப் பணியாளர் கற்கவேண்டியவற்றுள் தலையாயது இதிலிருந்தே பெறப்படும். முதல் வருகையை விற்றல் எளிது. இரண்டாம் வருகையை ஈட்டுதலே கல்வி. முதல் வருகைக்கு விலைக்கழிவும் விளம்பரமும் போதும். இரண்டாம் வருகைக்கோ வந்தவர் யார், எதனை விரும்பினார், எதனால் இடர்ப்பட்டார் என அறிதல் வேண்டும். முதன்முறை வந்து சென்றவருக்கு மறுவாரமே முழுப்பருவச் சந்தா கேட்டுக் கடிதம் வரும். அதனையடுத்து நன்கொடை கேட்டுத் தொலைபேசி அழைப்பு வரும். இது நேற்று அறிமுகமானவரிடம் இன்று கடன் கேட்பதை ஒக்கும். ‘வந்தமைக்கு நன்றி; இதனை விரும்பினீராயின் அடுத்த மாதம் நிகழும் இன்னதனையும் விரும்புவீர்’ எனச் சில நாட்களுள் எழுதி ஒரே ஒரு சீட்டைச் சலுகையிற் கொடுத்தலே முறை. இரண்டாம் வருகையின் பின் சில கச்சேரிகள் கொண்ட சிறு தொகுதி, அதன்பின் சந்தா, அதன்பின் நன்கொடை. இவ்வொழுங்கைப் படிக்கட்டு எனக் கொள்ளலாம். படியைத் தாண்டச் சொல்லின் ஏறுபவர் வீழ்வர்.

இப்படிக்கட்டில் மக்களை ஏற்றுவோர்க்கு மூவகை அறிவு வேண்டும். முதலாவது இசையறிவு. விற்பவர் பெரிய இசைப்புலவராய் இருத்தல் வேண்டுவதின்று. ஆனால் ஒத்திகைகளில் அமர்ந்து, தாம் விற்பதனைத் தாம் கேட்டிருத்தல் வேண்டும். நன்கு அமைந்த பயிற்சித் திட்டம் அலுவலகப் பணியாளரை வாத்தியக்காரரோடு கலந்து பேசவும் வைக்கும். புதியவர் கேட்கும் வினாக்கள் மிக எளியன: கச்சேரி எவ்வளவு நேரம் நடைபெறும்? எவ்வுடை அணிந்து வரலாம்? எவ்விடத்திற் கைதட்டுவது? பிள்ளையை அழைத்து வரலாமா? இவற்றுக்கு நாணமேற்படாதவாறு விடை கூறுதலும் இசையறிவின் பாற்பட்டதே. மேலும் விளம்பரத்தில் இசையாக்கத்தின் பெயரையும் வரிசை எண்ணையும் சுருதியையும் அச்சிட்டுவிடின் அறிந்தவர்க்கு அது போதும். அறியாதவர்க்கோ அது பூட்டிய கதவு. கலிபோர்னியா சிம்பொனி என்னும் சிறிய குழு 2016 ஆம் ஆண்டில், கச்சேரிக்கு வரத்தக்கவராயிருந்தும் வாராதிருந்தோர் சிலரைக் குறைந்த விலையில் அழைத்துக் கருத்துக் கேட்டது. அவர்கள் இசையை விரும்பினர். குழுவின் இணையப் பக்கத்திலுள்ள கலைச்சொற்களே தமக்கு விளங்கவில்லை என்றனர். அக்குழு தன் பக்கங்களை எளிய மொழியில் மீள எழுதிற்று.

இரண்டாவது கணக்கறிவு. பழைய காலத்துச் சீட்டுப் பெட்டியில் விற்றுமுதல் மட்டுமே எஞ்சும். வாங்கியவர் முகம் மறைந்துவிடும். இன்று ஒவ்வொரு விற்பனையும் கணினியிற் பதிவாகின்றது. நியூயோர்க் மெற்றோபொலிற்றன் ஓப்பரா தன் தேவைக்கென ஆக்கிய கணினி முறையொன்று பின்னர் ‘ரெசிற்றூரா’ என்னும் பெயரால் ஏனைய கலைத்தாபனங்களுக்கும் பரவியது; அவற்றைப் பயன்படுத்துவோரே ஒன்றிணைந்து அதனை நடத்துகின்றனர். சீட்டு வாங்கியமை, சந்தா, நன்கொடை ஆகிய மூன்றும் ஒருவர் பெயரின் கீழ் ஓரிடத்தில் நிற்றலே அதன் பயன். ஆயின் ஏடு இருந்தும் வாசிக்கத் தெரியாவிடின் பயன் என்னை? சென்ற ஆண்டு வந்தோருள் எத்துணைப்பேர் இவ்வாண்டும் வந்தனர், ஒரு சீட்டு விற்க எவ்வளவு செலவாயிற்று, இருவகைக் கடிதங்களை இருபாலார்க்கு அனுப்பியதில் எது பயன் தந்தது என்பவற்றைக் கணித்தறியப் பழக்குதல் வேண்டும். விலை நிருணயமும் இதனுள் அடங்கும். தேவை மிகுந்த நாளில் சிறந்த ஆசனங்களின் விலையைச் சற்று உயர்த்துவதால் பெறும் பொருளைக் கொண்டு, எளியவர்க்கெனச் சில ஆசனங்களை எக்காலத்தும் மலிவாக வைத்திருக்க முடியும். ஹிக்கின்சனார் தம் பொருளாற் செய்ததனை இவர் கணக்காற் செய்கின்றனர்.

மூன்றாவது மக்களை அறியும் அறிவு. தொலைபேசியில் விடையளிப்பவர் பேசுவதிலும் கேட்பதே பெரிது. தம் துணைவரை இழந்தமையால் சந்தாவை நிறுத்துகின்றேன் எனக் கூறும் முதியவரிடம் சலுகை விலை பேசுதல் பேதைமை. ஓர் ஆசனத்துக்கான சந்தாவாக அதனை மாற்றித் தருதல் மனிதப் பண்பு. குறை கூறுபவரின் குறையை உடனே தீர்த்தல், வரமுடியாதவரின் சீட்டை இன்னொரு நாளைக்கு மாற்றிக் கொடுத்தல் ஆகியன சிறியனவாய்த் தோன்றினும் இரண்டாம் வருகையைத் தீர்மானிப்பன இவையே. ஆதலின் வாயிற்காப்போரும் ஆசனங்காட்டுவோரும் இப்பயிற்சிக்குப் புறம்பாதல் கூடாது.

இனி, இவ்வறிவைப் பெறும் வழிகளை நோக்குவாம். சங்கம் ஆண்டுதோறும் கூட்டும் மாநாடு ஒருவழி. அங்கு வரவு செலவின் அளவுக்கேற்பக் குழுக்கள் வகுக்கப்பட்டு, ஒத்த நிலையினர் ஒத்த நிலையினரோடு கலந்துரையாடுவர். பெருங்குழுவின் தீர்வு சிறுகுழுவுக்குப் பொருந்தாமையே இதற்குக் காரணம். சில நாட்கள் நடைபெறும் தீவிர வகுப்புகள் இன்னொருவழி. பல்கலைக்கழகங்களில் கலை முகாமைக்குரிய பட்டப்படிப்புகளும் உள. பிலிப் கொட்லர், ஜோன் ஷெவ் ஆகிய இருவரும் 1997 ஆம் ஆண்டில் அரங்கக் கலைகளின் சந்தைப்படுத்தல் பற்றி எழுதிய நூல் இவற்றுக்குப் பெரிதும் பயன்பட்டது. எனினும் சிறந்த வழி தொழிற்களத்திலேயே கற்றல். முதிர்ந்தவர் அருகிலிருந்து, தம் குழுவின் உண்மையான பதிவேட்டை விரித்து வைத்து, ஒரு பருவத்துக்குத் திட்டமிட்டு, பருவத்தின் முடிவில் கருதியதும் நிகழ்ந்ததும் எங்ஙனம் வேறுபட்டன என ஆராய்பவர் ஒருபோதும் மறவார். வகுப்பிற் கேட்ட பாடம் திரும்பி வந்தபின் ஒரு முறையேனும் செய்து பார்க்கப்படாவிடின் ஏட்டுச் சுரைக்காயாகவே முடியும்.

இவ்வழியில் தடைகளும் உள. இத்துறையில் திறமை பெற்ற இளைஞரை வணிக நிறுவனங்கள் கூடிய சம்பளம் கொடுத்து அழைத்துக்கொள்கின்றன. அவர் கற்றதும் அவருடனேயே சென்றுவிடுகின்றது. பணமுடை ஏற்படுங்கால் முதலில் வெட்டப்படும் செலவு பெரும்பாலும் பயிற்சிச் செலவே. ஆனால் அச்சிக்கனம் ஆபத்தானது. 1900 ஆம் ஆண்டில் தோன்றி உலகப்புகழ் பெற்ற பிலடெல்பியா வாத்தியக் குழுவே 2011 ஆம் ஆண்டில் வங்குரோத்துப் பாதுகாப்பு நாடி நீதிமன்றம் செல்ல நேர்ந்தது. மறு ஆண்டிலேதான் அந்நிலையினின்றும் மீண்டது. அதற்குக் காரணங்கள் பல. எனினும் இசையின் உயர்வு ஒன்றே ஒரு குழுவைக் காத்துவிடாது என்பதற்கு அது சான்றாகும். 2020 ஆம் ஆண்டில் கொள்ளைநோயால் மண்டபங்கள் மூடப்பட்டபோது பல்லாண்டு காலப் பழக்கம் ஒரே நாளில் அறுந்தது. கதவுகள் மீளத் திறந்தபின் பழையவர் பலரைக்கூடப் புதியவர்போல் மீட்டும் அழைக்க வேண்டியதாயிற்று. இரண்டாம் வருகையின் பாடம் அப்போது முன்னிலும் கூர்மையாய் உணரப்பட்டது.

விற்பனை நோக்கம் புகின் கலை தாழ்வுறும் எனக் கூறுவாரும் உளர். அவர் அச்சம் முற்றும் பொய்யன்று. எது விலைபோகுமோ அதனையே இசைப்போம் எனத் துணிந்தால், பழகிய சில சிம்பொனிகளே மாறி மாறி ஒலிக்க, வாழும் இசையாக்குநர் வாயில் காணாது அலைவர். மிகைப்படக் கூறி ஏமாற்றுதலும், வாங்கியவர் பற்றிய தகவலைப் பிறர்க்குக் கொடுத்தலும், ஓயாது கடிதம் அனுப்பித் தொல்லைப்படுத்துதலும் இழிசெயல்களே. ஆயின் இவை யாவும் தொழிலறியாமையின் விளைவன்றித் தொழிலின் இயல்பல்ல. ஒரு முறை விற்றால் போதும் என்பவனே பொய் கூறுவான். மீண்டும் வரவேண்டும் என்பவன் மெய்யே கூறுவான். நம்பிக்கை வைத்துத் திரும்பத் திரும்ப வருபவரே அறியாத இசைக்கும் செவிகொடுப்பர். ஆதலின் நன்கு பயின்ற விற்பனையாளர் புதிய இசைக்கும் துணையாவரேயன்றிப் பகையாகார்.

தொகுத்து நோக்குமிடத்து, சிம்பொனி வாத்தியக் குழுவின் விற்பனைப் பணி வெறும் வாணிகமன்று. கேட்போர் சமுதாயம் ஒன்றைப் படிப்படியாக ஆக்கும் பணி என்பது புலனாகும். வயலின் வாசிப்பவர் நாள்தோறும் பயிற்சி செய்தல் வேண்டும் என்பதை ஒருவரும் மறுப்பதில்லை. அவ்வயலினைக் கேட்கும் செவிகளைத் தேடிக் கொணர்பவரும் அங்ஙனமே இடையறாது பயிலுதற்குரியர். குழுக்களை நடத்தும் சபையார் இதனை உணர்ந்து, அப்பயிற்சிக்கு வேண்டிய காலத்தையும் பொருளையும் தம் வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கி வைத்தல் கடனாகும்.